கதவுக்கு வெளியே ஐந்து பதில்கள்

செல்வராணி மச்சாள் தொலைபேசி எடுத்தபோது ஜெயகௌரி ட்ராமில் நின்றுகொண்டிருந்தாள். இருக்க இடம் இருந்தது, ஆனாலும் அவள் இருக்கவில்லை. விடிய ஆறு மணியிலிருந்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் நின்றே வேலை செய்தவள். இருந்தால் கண் மூடிவிடும், கண் மூடினால் இறங்கவேண்டிய இடம் போய்விடும். ஒரு பாட்டின் அடியை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, விரலால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு நின்றாள். அது வியாழக்கிழமை. பின்னேரம் ஏழு மணிக்கு வாத்தியக்காரர்களோடு ஒத்திகை இருந்தது.

மச்சாள் என்றால் கணவன் யோகராஜாவின் மூத்த தமக்கை. வின்டர்தூரில் இருக்கிறவர். எடுத்தவுடனேயே, சித்தப்பாவின் காரியம் நல்லபடி முடிந்ததாம், தம்பி வீடியோவில் பார்த்தானோ என்று கேட்டார்.

"எந்தச் சித்தப்பா மச்சாள்?"

மச்சாளின் குரல் உயர்ந்தது.

"என்னடி, அவன் உனக்குச் சொல்லேல்லையே? கொக்குவில் சித்தப்பா. நேற்று விடிய மோசம் போனவர். நான் நேற்றே அவனுக்கு அடிச்சுச் சொன்னனான்."

ஜெயகௌரி ட்ராமின் கம்பியைப் பிடித்தாள். மச்சாள் தொடர்ந்து கதைத்தார்: எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், யார் கொள்ளி வைத்தது, கனடாவிலிருந்து யார் போகவில்லை. ஜெயகௌரியின் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். யோகராஜாவின் தகப்பனும் அந்த மனிதரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அப்படியென்றால் முப்பத்தொரு நாள் துடக்கு. வீட்டில் விளக்கேற்றக் கூடாது, மச்சம் மாமிசம் சமைக்கக் கூடாது, நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது, கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஜெயகௌரிக்கு அது சிரிப்பு இல்லை. இருபத்தாறு வருடமாகப் பேர்ணில் இருக்கிறாள், பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டாள், வாக்குச்சீட்டும் தவறாமல் போடுகிறாள். ஆனாலும் துடக்கோடு சாமி வீட்டுக்குள் போனால் அந்தக் குற்றம் தன்னை விட்டு மற்றவர்கள் தலையில் விழும் என்று அவள் நம்பினாள். அவளுடைய பயமெல்லாம் மற்றவர்களைப் பற்றித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போகவேண்டிய சாமி வீடு கோயில் அல்ல, தேவாலயம்.

அது எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஒரு நீண்ட பட்டி ஓடும். தட்டுகள் அதில் வரிசையாக வரும். ஒருவர் சூப் வைப்பார், ஒருவர் கிழங்கு வைப்பார், ஒருவர் மூடி போடுவார். ஜெயகௌரிக்குச் சலாது, பச்சையாகச் சாப்பிடும் மரக்கறித் துண்டுகள். பதினேழு வருடமாக அவள் சலாது வைக்கிறாள். பட்டியின் முனையில் நின்று ஒவ்வொரு நோயாளியின் சீட்டையும் பார்த்துச் சரிபிழை சொல்பவள் வ்ரேனி என்ற பேர்ண்காரி. அறுபது வயதை எட்டப்போகிறவள், கை பெரிது, குரலும் பெரிது. கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் தேவாரம் பாடுகிற பழக்கத்தில் ஜெயகௌரி பட்டியில் நின்றும் முணுமுணுப்பாள். ஒருநாள் வ்ரேனி பட்டியையே நிறுத்திவிட்டு, இந்தக் குரலை வைத்துக்கொண்டு வெள்ளரிக்காய் அடுக்கிக்கொண்டிருக்கிறாயா என்று கேட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை கையைப் பிடித்துத் தன்னுடைய தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கூட்டிப்போனாள். அது நடந்து ஆறு வருடம்.

அங்கே ஜெயகௌரியை ஆல்ட் என்ற வரிசையில் விட்டார்கள். பெண்களில் தாழ்ந்த குரல்காரர் நிற்கிற இடம் அது. முதல் மாதம் அவளுக்கு அழுகை வந்தது. தேவாரத்தில் எல்லோருக்கும் ஒரே மெட்டு, சேர்ந்து போகலாம். இங்கே நாலு பக்கமும் நாலு பேர் இழுக்கிறார்கள், நல்ல மெட்டு எப்போதும் மேல்வரிசைப் பெண்களுக்கே போகிறது, ஆல்ட்டுக்குக் கிடைப்பது சுவரோரம் நடக்கிற மாதிரி ஒரு வழி. அவள் மெட்டுப் பக்கம் சாயும்போதெல்லாம் வ்ரேனியின் முழங்கை விலாவில் இடிக்கும். இசைக்குறிப்புத் தாளில் உள்ள கறுப்புப் புள்ளிகள் அவளுக்குப் பிடிபடவில்லை. வ்ரேனி தன் வரியைத் தொலைபேசியில் பாடி அனுப்புவாள். ஜெயகௌரி அதைக் கேட்டு, பள்ளிக்கூடத்தில் படித்த ச ரி க மவைப் புள்ளிகளுக்குக் கீழே பென்சிலால் எழுதிவிடுவாள். அவளுடைய தாளைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்கள் வியந்தார்கள். மூன்றாம் வருடத்தில் வ்ரேனியே பிழை விட்டால் அந்தத் தாளைத்தான் எட்டிப் பார்த்தாள்.

இந்த வருடம் எடுத்தது ஒரு கன்டாட்டா, வாத்தியங்களோடு பாடுகிற நீண்ட தேவாலயப் பாட்டு. முந்நூறு வருடத்துக்கு முன் எங்கோ ஒரு சிறிய ஜேர்மன் பட்டணத்தில், ஒரு தேவாலய வாத்தியக்காரர் சாவைப் பற்றி எழுதிவைத்தது. ஏழு துண்டு. முதலாவதில் எல்லோரும் சேர்ந்து, ஒரு வரிசையை ஒரு வரிசை துரத்துகிற மாதிரிப் பாடவேண்டும். இரண்டாவது ஒரு ஆண் பேச்சுப்போலச் சொல்லிக்கொண்டு போவது. மூன்றாவது தனிப்பாட்டு, ஓபோ என்ற குழல் அதோடு அழும். நாலாவதில் குழு அமைதியாக ஒரு சபைப் பாட்டைப் பாடும். ஐந்தாவது மீண்டும் பேச்சு. ஏழாவது முடிவு, சனமும் எழும்பிச் சேர்ந்து பாடும்.

ஆறாவதில்தான் விஷயம். அதில் ஒரு ஆத்துமா இருட்டில் தனியே நின்று ஐந்து கேள்வி கேட்கிறது. வழி இன்னும் தூரமோ, கூட வருவார் யார் என்று. ஒவ்வொரு கேள்வியின் கடைசி இரண்டு சொல்லையும் எங்கேயோ ஒரு குரல் மெல்லத் திருப்பிச் சொல்லவேண்டும். எதிரொலி. கேள்வி கேட்பவர் முன்னால் நிற்கும் தனிப்பாடகி, காசு கொடுத்துக் கூப்பிடுகிறவர். எதிரொலி கண்ணில் படக்கூடாது.

குழுவை நடத்துகிற பிக்லர் செப்டெம்பரில் ஆல்ட்காரர் ஒவ்வொருவரையும் ஒரு வரி பாடச்செய்து கேட்டார். கேட்டுவிட்டு, ஜெயகௌரியின் குரல் நடுங்காமல் நூல்போல நிற்கிறது, எதிரொலி அவள்தான் என்றார். அவள் முடியாது என்றாள். வீட்டுக்கு வந்து யோகராஜாவிடம் சொன்னபோது அவன் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே, "இருபத்தாறு வருஷமா நான் சொல்லுற எல்லாத்துக்கும் உங்காலை எதிரொலி வருகுதுதானே. மெல்லமா வந்தது மட்டும் இல்லை" என்றான். அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே ஒத்துக்கொண்டாள். ஐம்பது வயதுக்கு ஒரு வருடம் கிடக்க, வாழ்க்கையில் முதல்முதலாக அவளுக்கென்று தனியே பத்துச் சொல்.

அந்தப் பத்துச் சொல்லையும் அவள் பாடவேண்டிய இடம் தேவாலயத்தின் முன்பக்கம், கல்மேசைக்குப் பின்னால், ஒரு மரத்தட்டி மறைவில். அவர்களுக்கு அது ஒரு மேசை. அவளுக்கு மூலஸ்தானம்.

வீட்டுக்கு வந்தபோது யோகராஜா பல்கனியில் நின்றான். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை அவனுக்கு, அன்று ஓய்வுநாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"அக்கா எடுத்தவவோ? ஏனெண்டு சொல்லாமல், ஞாயிறு வரைக்கும் உனக்கு எடுக்க வேண்டாம் எண்டு சொன்னனான்."

"ஏன் மறைச்சனீங்கள்?"

அவன் தலையைச் சொறிந்தான். "கேட்டால்தானே துடக்கு. நீ கேள்விப்படாமல் இருந்தால் உனக்கு ஒண்டுமில்லை. ஞாயிறு பாடி முடிய, வீட்டை வந்தாப்போலை சொல்லுவம் எண்டு நினைச்சன்."

அவன் சொன்னதிலும் வழக்கம் இருந்தது. தூரத்துச் சாவு காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் துடக்கு என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதன் ஒன்றரை நாளாகத் தனியே துடக்குக் காத்திருக்கிறான். முதுகுநோ என்று சொல்லி ஹோலில் படுத்ததும், அவள் சுட்ட மீனைத் தொடாமல் தயிரோடு சாப்பிட்டதும், விளக்கேற்றும் நேரம் பார்த்துப் பல்கனிக்குப் போனதும் இப்போதுதான் அவளுக்குப் பொருந்தியது. தான் விளக்கேற்றியதை நினைக்கப் பயம் வந்தது. கோபமும் வந்தது. அந்தக் கோபத்தை அவன்மேல் முழுதாகக் கொட்டவும் முடியவில்லை, ஏனென்றால் அவன் செய்தது அவளுடைய பத்துச் சொல்லுக்காக. சாமி அறைக் கதவைச் சாத்தினாள். குளித்தாள். ஒத்திகைக்குப் போகவில்லை.

போகவில்லை என்பதோடு விட்டிருக்கலாம். வ்ரேனி செய்தி அனுப்பிக் கேட்டபோது, காய்ச்சல் என்று எழுதிவிட்டாள். ஏன் பொய் எழுதினாள்? எங்கள் ஆட்கள் துடக்கு என்றால் ஒரு சொல்லில் விளங்கிக்கொள்வார்கள். இவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது? காய்ச்சல் என்றால் எல்லா மொழியிலும் காய்ச்சல்தானே.

வெள்ளிக்கிழமை விடிய ஆறு மணிக்குப் பட்டியில் அவள் சலாது வைத்துக்கொண்டு நின்றாள். அந்த யோசனை அவளுக்கு வரவேயில்லை: துடக்குக்கு வேலைக்குப் போகலாம், காய்ச்சலுக்குப் போகக்கூடாது. அதுவும் நோயாளிச் சாப்பாடு போடுகிற இடத்தில். வ்ரேனி வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். நெற்றி குளிர்ந்துகிடந்தது. வ்ரேனி கையை எடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நின்றாள்.

ஒன்பது மணி இடைவேளையில் வ்ரேனி சொன்னாள். நேற்று எதிரொலி இல்லாமல் ஆறாவது துண்டு நடக்கவில்லை. தனிப்பாடகி கேள்வி கேட்டாள், பதில் இல்லை, எல்லோரும் சும்மா நின்றார்கள். பிக்லர் சங்கீதக் கல்லூரியில் படிக்கும் லேயா என்ற பெண்ணுக்கு அங்கேயே தொலைபேசி எடுத்துவிட்டார். "உனக்குப் பயம் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறோம். பயம் வந்தால் பயம் என்று சொல். காய்ச்சல் என்று ஏன் சொன்னாய்?"

ஜெயகௌரி கோப்பியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். கொக்குவில் சித்தப்பாவைப் பற்றி, முப்பத்தொரு நாளைப் பற்றி, கல்மேசையைப் பற்றி. அவளுடைய ஜேர்மன் வேலைக்குப் போதும், இதற்குப் போதவில்லை. வ்ரேனி கண்ணை இடுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள் மெதுவாகச் சொன்னது இது: வருகிற ஞாயிறு இந்த வருடம் செத்தவர்களின் பெயரை வாசிக்கிற ஞாயிறு. சாவு நடந்த வீட்டுக்காரருக்கெல்லாம் கடிதம் போட்டுக் கூப்பிட்டிருக்கிறோம், முன்வரிசை அவர்களுக்குத்தான். நீ என்னவென்றால் சாவு நடந்தபடியால் வரமுடியாது என்கிறாயே.

ஜெயகௌரி அன்று முழுவதும் அதையே நினைத்தாள். இவர்கள் செத்தவீட்டாரைக் கூப்பிட்டு முன்னால் இருத்துகிறார்கள். நாங்கள் செத்தவீட்டாரை வெளியே நிறுத்துகிறோம். இதில் எது சரி என்று அவள் தீர்ப்புச் சொல்லப் போகவில்லை. அவர்களுடைய வழக்கம் அவர்களுக்கு. ஆனால் துடக்கு அவர்களோடு வந்ததல்ல, அவளோடு வந்தது. அவள்தான் அதைச் சுமக்கவேண்டும். அதே மனம் இன்னொன்றையும் விடவில்லை. அந்தப் பத்துச் சொல்லும் தன்னுடையது. லேயாவோ யாரோ, அதை எடுத்துக்கொண்டு போக விட அவளுக்கு மனமில்லை. வெள்ளரிக்காய் வெட்டுவதை நிறுத்தி யோசித்தாள். எதிரொலி தூரத்திலிருந்துதானே வரவேண்டும். வாசற்படிக்கு வெளியே நின்றால் என்ன?

சனிக்கிழமை பத்து மணிக்குக் கடைசி ஒத்திகை. ஜெயகௌரி ஒன்பதரைக்கே தேவாலயத்தின் வெளிப்படியில் போய் நின்றாள். உள்ளே போனவர்கள் தலையசைத்தார்கள், இரண்டு பேர் சுகமா என்று கேட்டார்கள். அவள் ஓம் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். பிக்லர் சைக்கிளில் வந்தார். மெலிந்த மனிதர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர், கோபம் வந்தால் சத்தம் போடாமல் மரியாதை கூட்டிக் கதைப்பவர். அன்று மிகவும் மரியாதையாகக் கதைத்தார். லேயா வந்துவிட்டாள், அவளுக்கும் பயணச் சிரமம், இனி மாற்றுவது நியாயமல்ல என்றார்.

ஜெயகௌரி தான் பாடம் பண்ணி வந்ததைச் சொன்னாள். பொய் சொன்னது பிழை, அதற்கு மன்னிப்பு. பயத்தினால் வராமல் விடவில்லை. குடும்பத்தில் சாவு, முப்பத்தொரு நாளைக்கு உள்ளே வரமுடியாது. ஆனால் இந்தக் கதவடியில் நின்று பாட முடியும்.

அவர் கதவைப் பார்த்தார். பெரிய ஓக் மரக் கதவு. அதற்கு வெளியே மூன்று பக்கமும் சுவர் கொண்ட ஒரு வாசல் மண்டபம், சைக்கிளும் அறிவித்தல் பலகையும் நிற்கிற இடம். இங்கிருந்து தன் கை தெரியாதே என்றார். தெரியாது என்றாள். முதல் துண்டிலும் நாலாவதிலும் ஆல்ட்டில் ஒருவர் குறைவார்களே என்றார். "ஒருமுறை கேட்டுப் பாருங்கள், சரியில்லையென்றால் நான் போகிறேன்" என்றாள்.

ஒருமுறை கேட்டார்கள். கதவை ஒரு சாண் திறந்து, அடியில் ஒரு பாட்டுப் புத்தகத்தைச் செருகினார்கள். உள்ளே கேள்வி எழும்பியது. ஜெயகௌரி கேட்டு, உடனே பாடினாள். ஐந்தும் பாடினாள். பிக்லர் வெளியே வந்தபோது அவருடைய முகத்தில் மரியாதை குறைந்து யோசனை கூடியிருந்தது. தூரம் நல்லது, உண்மையாகவே எங்கோவிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்றார். ஆனால் ஐந்தும் பிந்துகிறது. சத்தம் உன்னிடம் வந்து சேரப் பிந்துகிறது, நீ பாடியது எங்களிடம் வரவும் பிந்துகிறது.

"கேட்டுவிட்டுப் பாடாதே. கேட்பதற்கு முன்னமே தொடங்கு."

சொல்வது லேசு. நாலு கேள்விக்குத் தாளம் ஒழுங்காக ஓடுகிறது, எண்ணிப் பிடிக்கலாம். மூன்றாவது கேள்வியில் பாடகி கடைசிச் சுரத்தைத் தன் மனம்போல நீட்டிப் பிடிப்பாள். எப்போது விடுவாள் என்பது பிக்லரின் கைக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அவர்கள் இன்னும் மூன்று தரம் பார்த்தார்கள். மூன்றாவது மூன்று தரமும் தவறியது. கடைசித் தடவை ஜெயகௌரி களைத்துப்போய்க் கதவில் கைவைத்துச் சாய்ந்தாள். அப்போது உள்ளங்கையில் ஏதோ உறுமியது. உள்ளே இருக்கும் மிகப் பெரிய வயலின், நின்றுகொண்டு வாசிப்பது, அதன் அடிச்சுரம் மரத்தில் ஏறியிருந்தது. பாடகி சுரத்தை விடுவதற்குச் சற்று முன் அந்த வாத்தியம் இரண்டு தரம் இறங்கிப்போகிறது. காதுக்குக் கேட்கவில்லை, கைக்குத் தெரிகிறது. இன்னும் ஒருதரம் பார்த்தபோது, அந்த இரண்டாவது உறுமலில் அவள் வாயைத் திறந்தாள்.

உள்ளேயிருந்து பிக்லரின் குரல், "இப்போது சரி" என்று வந்தது.

ஆனாலும் அவர் துணிந்து விடவில்லை. லேயா மரத்தட்டிக்குப் பின்னால் நிற்பாள் என்றார். நாளை ஒரு பதில் வராவிட்டால், அல்லது வந்து தாமதித்தால், அந்த இடத்திலிருந்து மிச்சத்தை லேயா எடுத்துக்கொள்வாள். சனம் கூடியிருக்கும் நாள், பெயர்கள் வாசிக்கிற நாள், ஓட்டை விழ விடமுடியாது. ஜெயகௌரி தலையாட்டினாள். வீட்டுக்கு வரும் வழியில் இன்னொரு பயம் வந்தது. கதவைத் தொடலாமோ? கதவு உள்ளே சேர்த்தியோ, வெளியே சேர்த்தியோ? ட்ராமில் மூன்று தரிப்பிடம் யோசித்துவிட்டு, கதவு வெளியே நிற்பவன் தட்டுவதற்காகச் செய்தது என்று முடிவுகட்டினாள்.

பின்னேரம் மச்சாள் எடுத்தார். யோகராஜா உளறியிருக்கிறான். வேதக் கோயிலும் சாமி வீடுதான், உனக்கு விசரோ என்று தொடங்கினார். தான் படி தாண்டமாட்டேன் என்று ஜெயகௌரி சொன்னாள். மச்சாள் விடுகிற ஆள் அல்ல.

"நீ தாண்டமாட்டாய். உன்ரை குரல் உள்ளை போகுமோ போகாதோ?"

தொலைபேசியை வைத்த பிறகும் அந்தக் கேள்வி நின்றது. யோகராஜாவைக் கேட்டாள். அவன் தனக்குத் தெரியாது, ஐயரைக் கேட்கவோ என்றான். வேண்டாம் என்றாள். கேட்டால் ஐயர் ஏதாவது சொல்லிவிடுவார். அன்று அவளுக்கு நித்திரை வந்ததோ இல்லையோ, விடிந்தபோது கண் எரிந்தது.

ஞாயிறு பத்து மணிக்கு வழிபாடு. நவம்பர் குளிர், மண்டபத்தின் கல்லில் ஈரம். ஜெயகௌரி கறுப்புக் கோட்டும் கம்பளிச் சால்வையும் போட்டிருந்தாள். யோகராஜா கூட வந்தான். அவனுக்கும் துடக்கு, வாசலுக்கும் வரமாட்டேன் என்று எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றான். கறுப்பு உடுப்புச் சனம் அவளைக் கடந்து உள்ளே போனது. சிலர் அவளை வாசலில் வரவேற்க நிறுத்திய ஆள் என்று நினைத்துக் கைகொடுக்க வந்தார்கள். கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு தலை குனிந்தாள். மரியாதை கெட்டவள் என்று நினைத்திருப்பார்கள். என்ன செய்வது?

மணி ஓய்ந்தது. கதவு ஒரு சாண் திறந்து நின்றது. முதல் துண்டு தொடங்கியபோது அவளுடைய உதடு தானாக அசைந்தது. ஆல்ட் வரிசை நாலாவது பக்கத்தில் நுழைய வேண்டிய இடத்தில் வ்ரேனியின் குரல் மட்டும் துருத்திக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லாத குறை வெளியே நின்றவளுக்கே கேட்டது. பிறகு ஆண் குரல். பிறகு ஓபோ. ஓபோவின்போது கால்விரல்கள் மரத்தன. வாய் காய்ந்தது. தண்ணீர்ப் போத்தலை வீட்டில் விட்டு வந்திருந்தாள். குரல் வருமோ என்று சின்னதாக ஒரு செருமல் செருமிப் பார்க்கவும் பயம், உள்ளே கேட்டுவிடும்.

நாலாவது துண்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் பெயர்கள் வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுதிரி. கடைசிப் பெயர்கள் வாசிக்கும்போது கதவு திறந்து ஒரு வயதான மனிதர் வெளியே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. யாருக்காக வந்தாரோ அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு உள்ளே இருக்க முடியவில்லைப் போலும். ஜெயகௌரிக்கு அவரைப் பார்க்க மனம் கரைந்தது. ஆனால் அவர் வந்த வேகத்தில் கதவு சாத்திக்கொண்டது. செருகிய புத்தகம் வெளியே தெறித்துக் கிடந்தது. அவள் குனிந்து எடுத்து, கதவை மெல்ல இழுத்துத் திரும்பச் செருகினாள். சத்தம் வராமல் அதைச் செய்து முடிக்க ஐந்தாவது துண்டு பாதி போய்விட்டது.

ஆறாவது தொடங்கியது. வலக்கையைக் கதவில் வைத்தாள். மரம் பனிக்கட்டிபோல இருந்தது. முதல் கேள்வி வந்தது. எண்ணினாள், முடியுமுன்னே தொடங்கினாள். குரல் வந்தது. இரண்டாவது வந்தது, அதுவும் சரி. மூன்றாவது கேள்வியில் பாடகி சுரத்தைப் பிடித்தாள். ஜெயகௌரி உள்ளங்கையால் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் உறுமல் வந்தது.

அந்த நேரத்தில் கிழவர் அவளுடைய தோளருகே வந்து, "என் மனைவி ஆல்ட் பாடினவள்" என்றார்.

அவள் திரும்பவில்லை. திரும்பவில்லை என்றாலும் மனம் ஒரு கண்ணிமை அளவு திரும்பிவிட்டது. இரண்டாவது உறுமல் கையைத் தாண்டிப் போனது. பாடகி சுரத்தை விட்டுவிட்டாள். உள்ளே ஒரு வெறுமை விழுந்தது. இப்போது மரத்தட்டிக்குப் பின்னால் லேயா மூச்சை இழுத்திருப்பாள் என்று ஜெயகௌரிக்குத் தெரியும். விட்டுக்கொடுக்க ஒரு கணம் இருந்தது. அவள் விட்டுக்கொடுக்கவில்லை. வாயைத் திறந்து, அந்த இரண்டு சொல்லையும் தாமதித்தபடியே, மெல்ல, நடுங்காமல் உள்ளே அனுப்பினாள்.

மற்றக் குரல் வரவில்லை. நாலாவது கேள்வி வந்தது, அவள் பதில் சொன்னாள். ஐந்தாவதும் சொன்னாள். சொல்லி முடித்து நெற்றியைக் கதவில் சாய்த்தாள்.

முடிவுப் பாட்டுக்குச் சனம் எழும்பும் சத்தம் கேட்டது. கிழவருக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். அவர் மெட்டை உடைந்த குரலில் பாட, ஜெயகௌரி அவருக்குப் பக்கத்தில் நின்று ஆல்ட் வழியைப் பாடினாள். அவர் ஒருமுறை அவளைப் பார்த்தார், பார்வையை எடுத்தார், தொடர்ந்து பாடினார்.

சனம் வெளியே வரமுன் அவள் படியிறங்கி ஒதுங்கினாள். பிக்லர் கோட்டுகூடப் போடாமல் தேடிக்கொண்டு வந்தார்.

"மூன்றாவது பிந்தியது."

"தெரியும்."

"லேயா வாயைத் திறந்துவிட்டாள். நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ வருவாய் என்று நினைத்தேன்." அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். உள்ளே வர எப்போது முடியும் என்று கேட்டார். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி துடக்குக் கழிக்கிற அந்தியேட்டி, அதற்குப் பிறகு என்றாள். அப்படியென்றால் இருபத்துமூன்றாம் தேதி செவ்வாய், ஏழு மணி, இந்தமுறை காய்ச்சல் இல்லாமல் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

எதிர்ப்பக்கத்தில் யோகராஜா கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு குளிரில் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டிருந்தான்.

"பாடினனியோ? நான் நிண்ட இடத்துக்கு ஒண்டும் கேக்கேல்லை. ரெண்டு ட்ராம் போச்சுது."

"பாடினனான்."

"எத்தினை?"

"அஞ்சும். மூண்டாவது பிந்திப்போச்சுது."

அவன் எட்டி அவளுடைய கையைப் பிடித்தான். கை இன்னும் பனிக்கட்டிபோலத்தான் இருந்தது. மச்சாளுக்கு என்ன சொல்வது என்று அவன் கேட்டான். குரல் உள்ளே போனது குற்றமோ இல்லையோ, அதுதான் தனக்கும் தெரியவில்லை என்றாள். இருவரும் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்கள்.